குருவி கொத்தாத இடம்

விதை தூவிய மறுநாள் காலையில் தோட்டம் முழுக்கக் குருவிகள் இறங்கியிருந்தன. ஓரிடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

காலைப் பூசை முடிந்து வந்த மர்சலின், முக்காட்டைக்கூட எடுக்காமல் தோட்டக் கதவைத் திறந்தவள், கையைத் தட்டி விரட்டப் போய் அப்படியே நின்றுவிட்டாள். கொய்யா மரத்தடியிலிருந்து கிணற்றுமேடை வரைக்கும், சல்லடையில் சலித்துப் பரப்பிய புது மண்ணின்மேல், குருவிகள் தத்தித் தத்திக் கொத்திக்கொண்டிருந்தன. கிழக்கு மதிற்சுவரை ஒட்டி ஒரு தலையணை போடுகிற அளவு இடத்தை மட்டும் அவை சுற்றிக்கொண்டு போயின. ஒரு குருவி தெரியாத்தனமாக அதன் விளிம்பில் கால் வைத்தது; வைத்த உடனே கீச்சென்று கத்திக்கொண்டு எழும்பிப் பறந்தது. அங்கேயும் அதே விதைதான், அதே எருதான்.

உள்ளே போய்க் கணவர் இக்னேஷியஸிடம் சொன்னாள். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, எறும்புப் பொடி ஏதாவது சிந்தியிருக்கும் என்றார். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை, ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவுமில்லை.

இந்தப் புல்தரை யோசனையே அவருடையதுதான். துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த துரை, சீமைக்குத் திரும்பும்போது, ஏலத்தில் போனது போக மிச்சமிருந்ததைக் குமாஸ்தாக்களுக்கு வாரி வழங்கிவிட்டுக் கப்பலேறினார். ஒருவருக்கு மூக்குடைந்த பீங்கான் ஜாடி கிடைத்தது. இன்னொருவருக்கு யாரைக் கண்டாலும் குரைக்கிற கிழட்டு நாய் கிடைத்தது. இக்னேஷியஸுக்கு ஒரு பிஸ்கட் டின் நிறையப் புல்விதை. ஆடும் மாடும் மேய்ந்து தீர்க்கிற புல்லை விதை போட்டு வளர்ப்பதும் ஒரு பெருமையா என்று மர்சலின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு, புல் வேர் விட்டால் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்த இடம் அமுங்காது என்றார்.

அந்த இடம் என்று அவர் சொன்னது, யுத்த காலத்தில் பதுங்குகுழி வெட்டியிருந்த மதில் ஓரம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் குழி வெட்டினார்கள். ஜப்பான்காரனுக்குச் சாந்தோமில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மற்ற வீடுகளில் யுத்தம் முடியும் வரைக்கும் குழி திறந்தே கிடந்தது, பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடின. இவர்கள் வீட்டுக் குழியை இக்னேஷியஸ் வெட்டிய சில வாரங்களிலேயே மூடிவிட்டார். மூடின மண் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அமுங்கிப் பள்ளமாகும்; ஒவ்வொரு தை மாதமும் அவர் ஒரு வண்டி மண் அடித்து நிரப்புவார்.

தரையைச் சமன் செய்வதற்குப் பக்கத்துப் பங்களாவிலிருந்து கல் உருளையை இரவல் வாங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு, தோட்டம் முழுக்க இழுத்தார். மதில் ஓரம் வந்ததும் உருளையை நிறுத்திவிட்டார். அங்கே மட்டும் மண்டியிட்டு உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். பேனா பிடித்த கை, மெதுவாகத்தான் தட்டும் என்று மர்சலின் நினைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்கள் அப்படித் தட்டுவார்கள் என்பது அன்றைக்கு அவளுக்குப் பிடிபடவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று இருந்தது.

நாற்பத்திரண்டில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அந்த ஏப்ரல் மாதத்தில், ரயிலிலும் மாட்டு வண்டியிலும் இடத்துக்கு ஜனங்கள் அடித்துக்கொண்ட அந்த வாரத்தில், மர்சலினுக்கு வலி எடுத்தது. துறைமுகத்துக்காரர்கள் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. அதனால் அவர்கள் போகவில்லை. டாக்டரம்மா போய்விட்டார். பட்டினப்பாக்கத்திலிருந்து தேவானை என்கிற மருத்துவச்சிதான் வந்தாள். பெண் குழந்தை, செத்தே பிறந்தது என்று பிறகு சொன்னார்கள். ரத்தம் போய், ஜன்னி கண்டு, நினைவில்லாமல் கிடந்தவள் கண் விழித்தபோது தொட்டிலைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. இனிமேல் பிள்ளை கிடையாது என்பதை டாக்டரம்மா ஊர் திரும்பி வந்து சொன்னார்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்ய மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஊமத்தை மண்டின ஓரத்தில் வைத்துவிட்டு வந்ததாக இக்னேஷியஸ் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் பங்கு முழுவதும் உள்ளே பூவும் மெழுகுவர்த்தியுமாக நிற்கும்போது, மர்சலின் மட்டும் வெளியே சுற்றிக்கொண்டு போய், ஊமத்தைச் செடிகளுக்கு நடுவே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவாள். கடல் காற்றில் அது அணையும். மறுபடி ஏற்றுவாள். பேர் சொல்லி அழக்கூட வழியில்லை. ஆனி என்று வைக்க நினைத்திருந்தாள். ஆனால் தண்ணீர் வார்க்காத பிள்ளைக்கு ஏது பேர்.

இதில் கொடுமை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம் என்று கேட்பாள். யாரும் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் ராகம் போடுவார்கள். தாயோ தகப்பனோ மருத்துவச்சியோ, யாராயிருந்தாலும் தலையில் தண்ணீர் வார்த்து வார்த்தையைச் சொன்னால் போதும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமானால்? ‘நீ உயிரோடிருந்தாயானால்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். செத்தவருக்குக் கொடுத்தால்? பலிக்காது, தண்ணீர் வெறும் தண்ணீர்தான். பிள்ளைகள் இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவள் பலகைப் பக்கம் திரும்பி எதையாவது அழிப்பாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏன் யாருக்கும் கிடைக்கவில்லை என்று கணவரைக் கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை.

குருவித் தொல்லைக்காக இக்னேஷியஸ் கோணிச்சாக்குகளைப் பிரித்து நனைத்துத் தரை முழுக்க மூடினார். காலையிலும் மாலையிலும் பூவாளியால் சாக்கின்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், விதை காயக் கூடாது, யாரும் மிதிக்கவும் கூடாது. காலை முறை அவருடையது, மாலை முறை மர்சலினுடையது. கோயிலில் சாயங்காலத் திரிகால ஜெப மணி அடிக்கும் நேரத்துக்குத்தான் அவள் பள்ளிக்கூடத்து நோட்டுகளை எல்லாம் திருத்தி முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு வருவாள். அந்த நேரத்தில் கடலின் இரைச்சல் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் வரும். பட்டினப்பாக்கத்துப் பக்கமிருந்து கருவாட்டு நாற்றமும் சேர்ந்து வரும். நனைந்த சணலின் புளித்த வாசனை அதற்கு மேலே நிற்கும்.

முதல் வித்தியாசத்தை மூக்குதான் சொல்லிற்று. மதில் ஓரம் போனதும் கருவாடும் சணலும் நின்றுபோய் வேறொரு வாசனை வந்தது. இளஞ்சூட்டு வாசனை. தங்கையின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி எடுத்து, துவட்டி, கழுத்து மடிப்பில் முகத்தை வைத்தால் வருமே, அது. மர்சலின் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு மதிலுக்கு அந்தப்பக்கம் யாராவது குழந்தையோடு நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். சந்தில் ஒரு ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் சாக்குகள் எல்லாம் வெயிலில் விறைத்துக் காய்ந்திருந்தன, மதில் ஓரத்துச் சாக்கு மட்டும் நனைந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஈரம் சில்லென்று இருக்க வேண்டும். இது சூடாக இருந்தது. பிள்ளை நனைத்த துணியை எடுத்துப் போடும்போது கைக்குத் தெரிகிற சூடு. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று மாலை தண்ணீர் தெளிக்கவில்லை, தலைவலி என்று அவரிடம் சொன்னாள். அவர் தானே போய்த் தெளித்துவிட்டு, வெகுநேரம் கழித்து, முழங்காலில் மண்ணோடு திரும்பி வந்தார்.

புல் முளைக்கப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்று துரை சொல்லியிருந்தாராம். மதில் ஓரத்தில் அந்த வாரமே முளைத்துவிட்டது. மற்ற இடத்தில் எல்லாம் விதை வெடிக்கக்கூட இல்லை. அங்கே மட்டும் சாக்கு மெல்ல எழும்பி நின்றது. மர்சலின் ஓரத்தைப் பிடித்து விலக்கினாள்.

பச்சை இல்லை. வெயில் படாத முளை, வெளிறி இருக்கும் என்று எதிர்பார்த்தாள். வெளிறியும் இல்லை. கறுப்பாக, மெல்லியதாக, ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஈரத்தில் படிந்து கிடந்தது. விரலால் கோதிப் பார்த்தாள். புல்லின் விறைப்பு அதில் இல்லை. கோதின பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது. விரல் மண்ணைத் தொட்ட இடத்தில் மண் லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழி துடித்தது.

அவள் விரலை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. பச்சைப் பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டவர்களுக்கு அந்தத் துடிப்பு தெரியும், எலும்பு மூடாத இடத்தில் உயிர் மேலும் கீழுமாகப் போய்வருவது. தங்கைக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரின் உச்சியிலும் எண்ணெய் வைத்திருக்கிறாள். சந்தேகமே இல்லை.

கோயிலில் திரிகால மணி அடித்தது. அந்தச் சத்தத்தோடு அவள் மார்பில் சுருக்கென்று ஒரு வலி இறங்கிற்று. இரண்டு பக்கமும் இறுகி, கனத்து, நரம்பு நரம்பாக இழுத்தது. குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிள்ளையில்லாமல் கட்டிக்கொண்டு, மல்லிகைப்பூவை வைத்துக் கட்டி வற்ற வைத்த பால். அது வந்துவிட்டது. மர்சலின் சாக்கை இழுத்து மூடிவிட்டு, மார்பைக் கையால் பொத்திக்கொண்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். பயத்தில் அழுதாள் என்று சொல்ல முடியாது. பயமும் இருந்தது. ஆனால் அந்த வலி எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை யாரிடம் போய்ச் சொல்வாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு நடந்தாள். தேவானை குடிசைக்கு வெளியே பாயில் நெத்திலி காயவைத்துக்கொண்டு காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். கிழவிக்குக் கண் மங்கிவிட்டிருந்தது; குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தாள். உட்காரச் சொன்னாள், மோர் வேண்டுமா என்று கேட்டாள். மர்சலின் உட்காரவில்லை. நின்றபடியே, என் பிள்ளை செத்தா பிறந்தது என்று கேட்டாள்.

தேவானை காக்கை விரட்டுகிற குச்சியைக் கீழே வைத்தாள்.

“செத்துப் பொறந்துச்சுன்னு நான் சொல்லலியேம்மா. மூச்சு காணோமேன்னுதான் சொன்னேன். ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சு. தலகீழாப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டலாம்னு பாக்கறேன், அதுக்குள்ள உனக்கு ரத்தம் கொட்டிக்கினு போவுது. நீயும் பூடுவேன்னு பயந்துட்டேன். கொழந்தைய ஐயா கையில குடுத்துட்டு உன்னாண்ட வந்துட்டேன். அப்பால நான் அதப் பாக்கவே இல்ல.”

ஐயா எங்கே கொண்டுபோனார் என்று மர்சலின் கேட்டாள்.

“அது எனக்கு இன்னாம்மா தெரியும். காலையில உன்னப் பாக்க வந்தேன். தோட்டத்துல வெட்டி வெச்சிருந்த குழி மூடிக் கீது. ஐயா அது மேல மம்மட்டியப் புடிச்சிக்கினு உக்காந்துகினு கீறாரு. கேக்க எனக்கு மனசு வரல.”

மர்சலின் வீட்டுக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கல்லறை மதிலுக்கு வெளியே, ஊமத்தைச் செடிகளுக்கு நடுவே, ஏற்றி ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி எல்லாம் யாருக்கு? இங்கே, கிணற்றுக்குப் பக்கத்தில், அவள் துணி உலர்த்துகிற கொடிக்கு நேர் கீழே, இத்தனை நாளும் பிள்ளை கிடந்திருக்கிறது. மேலே நின்று ஈரத் துணியை உதறியிருக்கிறாள். பாட்டுக்கூடப் பாடியிருக்கிறாள்.

இக்னேஷியஸ் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். அவள் கிணற்றுமேடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினவர் அதைப் பிடித்தபடியே நின்றார்.

“ஆனி எங்கே?” என்றாள் மர்சலின். அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் மறைக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேடையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஞானஸ்நானத்துக்கென்று அவள் தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியிலேயே பிள்ளையைச் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். மதிலுக்கு வெளியே வைப்பதானாலும் குழி வெட்ட ஆள் வேண்டுமே. காவல்காரன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தான். திரும்பி வரும் வழியில் அபாயச் சங்கு ஊதியது. தெருவில் யாரும் நிற்கக் கூடாது என்று கத்தினார்கள். ஓடி வந்து சொந்தத் தோட்டத்துக் குழியிலேயே இறங்கி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு அங்கேயே கிடத்திவிட்டு மேலே ஏறினார்.

ஏன் தண்ணீர் வார்க்கவில்லை என்று அவள் கேட்டாள். கிணறு கை எட்டும் தூரத்தில் இருந்தது. கிணற்றுமேடையில் வாளி இருந்தது.

“செத்த பிள்ளைக்குக் கொடுத்தா பாவம்னு படிச்சிருக்கோமே, மர்சி. ஞானஸ்நானம் தேவதிரவிய அனுமானம், அதை அவமதிக்கக் கூடாதேன்னு நினைச்சேன்.” அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். “ரெண்டு மூணு வாட்டி மண்ணைத் தள்ளினதுக்கு அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு. தும்மல் மாதிரி. சின்னத் தும்மல்.”

கடல் இரைந்துகொண்டிருந்தது.

“அப்பத்தான் அபாயம் நீங்கின சங்கு ஊத ஆரம்பிச்சான். ரொம்ப நேரம் ஊதினான். அது நிக்கிற வரைக்கும் நின்னேன். நின்னதும் காது குடுத்துக் கேட்டேன். ஒண்ணும் கேக்கலை.”

“மண்ணை விலக்கிப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“ஏங்க?”

“பாத்து, உயிர் இருந்திருந்தா, அது மேல மண்ணைப் போட்டது நான்தானே.” அவர் முகத்தை மூடிக்கொண்டார். “மிச்ச மண்ணையும் தள்ளிட்டேன்.”

மர்சலின் கத்தவில்லை. அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அவர் ஐந்து வருஷமாக எப்படி உட்கார்ந்து சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று நினைத்தபோது பாவமாகத்தான் இருந்தது. அவர் எழுந்தார். பங்குச் சுவாமியாரைக் கூட்டி வருகிறேன், அவர் வந்து இந்த மண்ணை மந்திரிக்கட்டும், அதுவரை நீ அந்தப் பக்கம் போகாதே என்றார். கேட் திறந்து மூடிக்கொண்டது. சைக்கிளை எடுக்காமல் நடந்தே போய்விட்டார்.

அவள் மட்டும் இருந்தாள்.

சுவாமியார் வருவார். மந்திரித்த தண்ணீரைத் தெளிப்பார். மண் மந்திரித்த மண்ணாகும். ஆனால் பிள்ளை ஞானஸ்நானம் பெறாத பிள்ளையாகவே இருக்கும். செத்த பிள்ளைக்கு அவர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. மோட்சமும் இல்லாமல், நரகமும் இல்லாமல், தாய் முகமும் இல்லாமல், உலகம் முடிகிறவரை ஆனி ஒரு பேரில்லாத இடத்தில் இருப்பாள். செத்துப்போனாலும் மர்சலின் அவளைப் பார்க்கப்போவதில்லை.

உயிர் இருந்தால் மட்டும் பலிக்கும்.

அவள் உட்கார்ந்தபடியே அதை யோசித்தாள். உயிரோடு இருக்கட்டும். மண்ணுக்குள், இருட்டில், வாய் நிறைய மண்ணோடு, இத்தனை வருஷமும் உயிரோடு இருந்திருக்கட்டும். எந்தத் தாயும் அப்படி வேண்ட மாட்டாள். மர்சலின் வேண்டினாள். ஆண்டவரே, என் பிள்ளை செத்திருக்கக் கூடாது என்று இரண்டு கையையும் கூப்பி, வாய்விட்டு வேண்டினாள்.

வேண்டி முடித்ததும் கடல் சத்தம் நின்றுவிட்டது.

கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். செம்பில் மொண்டுகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சாக்குகளின் நடுவே கால் வைத்துப் போனாள். வெளிச்சம் மதிலுக்கு மேலே மட்டும் மிச்சமிருந்தது. தரையெல்லாம் வெறும் மண். மதில் ஓரத்துச் சாக்கு மட்டும் எழும்பியிருந்தது. நேற்றைவிட எழும்பியிருந்தது. எழும்பி, தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

மண்டியிட்டாள். சாக்கை விலக்கினாள்.

ஒரு சாண் வளர்ந்திருந்தது. கறுத்து, அடர்ந்து, சுழி விழுந்திருந்தது. இரண்டு சுழி. இக்னேஷியஸுக்கும் இரண்டு சுழி.

மணி அடிக்க ஆரம்பித்தது. மார்பு இறுகியது. செம்புத் தண்ணீர் தளும்பி மடியில் சிந்திற்று. வார்த்தை மறந்துபோகும் என்று பயந்தாள். மறக்கவில்லை. நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை.

“ஆனி,” என்றாள். “நீ உயிரோடிருந்தாயானால், பிதாவுடையவும்,” ஊற்றினாள். மண் உறிஞ்சிக்கொண்டது. “சுதனுடையவும்,” ஊற்றினாள். ஈரம் முழங்காலுக்கு வந்தது. சூடாக இருந்தது. “இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

மூன்றாவது தண்ணீர் கீழே இறங்கியது.

மணி நின்றது.

மண்ணுக்குள் யாரோ தும்மினார்கள்.

மர்சலின் செம்பைப் போட்டாள். ஓடியிருக்கலாம். வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் காதை மண்ணில் வைத்தாள். உள்ளே சிணுங்கல் கேட்டது. அழுகை இல்லை, அழத் தெம்பில்லாத பிள்ளை தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுகிற சிணுங்கல். எதைத் தேடுகிறது என்று அவளுக்குத் தெரியும். ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டின இடத்தில் மண் அசைந்தது.

பசி. ஐந்து வருஷப் பசி.

பயந்தாள். அவ்வளவு பயம் அவள் வாழ்க்கையில் பட்டதில்லை. இருந்தாலும் விரல் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றியது. பேர் வைத்தாயிற்று. தண்ணீர் வார்த்தாயிற்று. இனி மிச்சம் இது ஒன்றுதான்.

குப்புறப் படுத்தாள். மண்ணோடு மார்பை அணைத்துக்கொண்டாள்.

முதலில் ஈரம். பிறகு உதடு. தடவியது. தவறியது. மறுபடி தேடியது. பிடித்துக்கொண்டது.

இழுத்தது.

மர்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் பக்கவாட்டில் மண்ணில் இறங்கியது. குடிக்கிற சத்தம் கேட்டது, மடக் மடக்கென்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி மடக் மடக்கென்று. அவ்வளவு பெரிய சந்தோஷம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. கையை நீட்டி உச்சந்தலையைத் தடவிக்கொடுத்தாள். உச்சிக்குழி மூடியிருந்தது. கெட்டியாக மூடியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறந்த பிள்ளைக்கு உச்சி மூடாது. பிறந்த பிள்ளை இவ்வளவு பலமாக இழுக்காது. இவளுக்கு வருகிற சித்திரையில் ஐந்து வயது முடிகிறது.

கேட் திறக்கிற சத்தம். இரண்டு பேர் நடந்து வருகிற சத்தம். இக்னேஷியஸ் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மண்ணுக்குள் பற்கள் இருந்தன. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இரண்டும் மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வந்தன. பாலைவிடக் கனமாக ஏதோ விலாவில் வழிந்து இறங்கியது.

“மெதுவாக் குடிம்மா,” என்றாள் மர்சலின், மண்ணைத் தட்டிக்கொடுத்தபடியே. “அம்மா எங்கயும் போகலை.”